காட் ஆஃப் வார் வீடியோ கேம் தொடர் அடுத்து எகிப்துக்குப் போகும் என்று ரசிகர்கள் ஏன் சொல்கிறார்கள்?

ஆதாரம் விளையாட்டுக்குள்ளேயே இருக்கிறது. (கதை முடிவுகளைச் சொல்லப்போகிறேன், விளையாடாதவர்கள் கவனம்.) 2005-இல் கிரேக்கப் புராணத்தில் தொடங்கிய தொடரை, 2018-இல் சான்டா மோனிகா ஸ்டூடியோ நார்ஸ் (வட ஐரோப்பிய) புராணத்துக்கு மாற்றிப் புதிதாகத் தொடங்கியது. அந்த ஆட்டத்தில் நார்ஸ் போர்க் கடவுளான டீரின் மறைவறைக்குள் ஒரு சித்திரம் வரும். டீரைச் சுற்றி நான்கு சின்னங்கள்; அவற்றில் ஒன்று ஹோரஸின் கண், அசல் எகிப்துச் சின்னம். ஊகமெல்லாம் அங்கிருந்து கிளம்பியதுதான்.

ஆனால் ஜப்பானிய, கெல்டிக் சின்னங்களும் அதே சித்திரத்தில் உண்டு. அதனால் எகிப்துதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. அப்புறம், அதே ஆட்டத்தின் முடிவில் வரும் சுவரோவியத்தைப் பார்த்து, அடுத்த பாகத்தில் நாயகன் கிரேட்டோஸ் இறந்துவிடுவார் என்று பலரும் நம்பினார்கள். 2022-இல் வந்த ரக்னராக்கில் அவர் சாகவில்லை. சுவரில் வரைந்ததை அப்படியே நடத்திக் காட்டுகிற குழு இல்லை இது.

என்னைக் கேட்டால், எந்த நாடு என்பதைவிட யாருடைய கதை என்பதே பெரிய கேள்வி. ரக்னராக் முடிவில் கிரேட்டோஸின் மகன் அட்ரியஸ் மிச்சமிருக்கும் ராட்சதர்களைத் தேடிக் கிளம்பிவிடுகிறான். 2023 டிசம்பரில் இலவசமாக வந்த வல்ஹல்லா என்ற கூடுதல் பகுதி, கிரேட்டோஸைத் தன் பழைய பாவங்களோடு நேருக்கு நேர் நிறுத்தியது. அவர் பயணம் அங்கே நிறைவாக முடிந்தது. இனி மகன் பின்னால் போவதுதான் நியாயம்.