பிள்ளைகளின் பல் ஏன் நிறம் மாறுகிறது? பல் டாக்டர் பதில்கள்

குழந்தைகளுக்குப் பல் பார்க்கும் டாக்டர் நான். பாளையங்கோட்டையில் இருக்கிறேன். வந்த கேள்விகளில் பாதி ஒரே மாதிரி இருந்ததால் சேர்த்துவிட்டேன். பல்லை நேரில் பார்க்காமல் முடிவு சொல்ல முடியாது, அதை மட்டும் மனதில் வையுங்கள்.

மகனுக்கு 8 வயது. பால்பல் வெள்ளையாகத்தான் இருந்தது. இப்போது முளைத்த முன்பல்லில் சுண்ணாம்புத் திட்டும் பழுப்புக் கோடும் இருக்கின்றன. அவன் வகுப்பில் இன்னும் நாலைந்து பிள்ளைகளுக்கு இப்படியே. ஊரில் போர் தண்ணீர்தான்.

ஒரே ஊரில் பல பிள்ளைகளுக்கு என்றதும் எனக்குத் தண்ணீர் மேல்தான் சந்தேகம் வருகிறது. பாறைக்குள் ஊறி வரும் தண்ணீரில் ஃப்ளோரைடு கரைந்திருக்கும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை சரி, வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. அதற்கு மேல் போனால், ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் பல்லின் எனாமல், அதாவது கெட்டியான மேல்படலம், சரியாக இறுகாது. முன்பற்களின் எனாமல் பெரும்பாலும் பிறந்தது முதல் மூன்று நான்கு வயதுக்குள் உருவாகிறது. ஆக இன்று தெரிவது அவன் கைக்குழந்தையாக இருந்தபோது குடித்த தண்ணீரின் தடம். இப்போது தண்ணீரை மாற்றினாலும் அந்தப் பல் மாறாது. ஆனால் வீட்டில் தம்பி தங்கை இருந்தால் உடனே மாற்றுங்கள், பால் பவுடர் கலக்கும் தண்ணீரையும் சேர்த்துத்தான்.

காய்ச்சினால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். தண்ணீர் சுண்டுமே தவிர ஃப்ளோரைடு போகாது, செறிவுதான் கூடும். ஆர்.ஓ. கருவி குறைக்கும். தாமிரபரணிக் கூட்டுக் குடிநீர் வந்தால் குடிக்கவும் சோறு பொங்கவும் அதையே எடுங்கள். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதித்துக்கொள்ளலாம். ஊரில் பத்து வீட்டார் சேர்ந்து பஞ்சாயத்து வழியாகக் கேட்டால் இன்னும் நல்லது.

சிகிச்சை? லேசான திட்டு என்றால் நான் ஒன்றும் செய்ய மாட்டேன். பிள்ளை கூச்சப்பட்டு வாயைப் பொத்திச் சிரிக்கிறான் என்றால், மேல்படலத்தை மெல்லிசாகத் தேய்த்து எடுக்கலாம், திட்டுக்குள் ரெசின் என்ற பிசின் மாதிரிப் பொருளை இறக்கலாம். அதிகமாக இருந்தால் பல் நிறப் பூச்சு வைத்து மூடுவோம்.

எங்க ஆச்சி செங்கல் பொடியும் உமிக்கரியும் வைத்துத் தேய்க்கச் சொல்கிறார்களே?

வேண்டாம். தேயத் தேய எனாமல் மெலியும், உள்ளே இருக்கும் மஞ்சள் இன்னும் துலக்கமாகத் தெரியும். ஆச்சிக்கு என் வணக்கத்தோடு சொல்லிவிடுங்கள்.

ரத்தச்சோகைக்கு இரும்புச் சத்து சொட்டு மருந்து கொடுத்தோம். பல் கறுத்ததால் நிறுத்திவிட்டோம்.

மறுபடி ஆரம்பியுங்கள். கறை வெளியில்தான், பல்லுக்குக் கெடுதல் இல்லை, எங்களிடம் வந்தால் துடைத்து எடுத்துவிடலாம். மருந்தை நாக்கின் பின்பக்கம் விட்டு, உடனே தண்ணீர் குடிக்கக் கொடுங்கள். டீயோடு மட்டும் கொடுக்காதீர்கள், இரும்பு உடம்பில் ஒட்டாது.

பேத்தி திண்ணையில் இருந்து விழுந்தாள். முன் பால்பல் ஒன்று சாம்பல் நிறமாகிவிட்டது.

அண்ணாச்சி, அடிபட்டதில் பல்லுக்குள் ரத்தம் கசிந்திருக்கும். சில பல் மாதக் கணக்கில் தெளியும், சிலது அப்படியே இருந்து தானாக விழும். வலி இல்லையென்றால் பிடுங்க அவசரம் இல்லை. ஈறில் பரு மாதிரி கொப்புளம், வீக்கம், ஆட்டம் வந்தால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம். அது சீழாக இருக்கலாம், உள்ளே வளரும் நிரந்தரப் பல்லைக் கெடுக்கும்.

7 வயதுப் பெண்ணுக்குப் புதுப்பல் மஞ்சளாக முளைக்கிறது.

இயல்புதான். பக்கத்தில் இருக்கும் பால்பல் ரொம்ப வெள்ளை, அதனால் அப்படித் தெரிகிறது.

இரண்டு வயதுப் பையன், ராத்திரி பனங்கற்கண்டுப் பால் புட்டி இல்லாமல் தூங்க மாட்டான். மேல் முன்பல்லில் ஈறு ஓரம் வெள்ளைக்கோடு, இப்போது பழுப்பு.

இது கறை அல்ல, சொத்தை. பனங்கற்கண்டும் சர்க்கரைதான். புட்டியில் தண்ணீர் மட்டும் வையுங்கள், நாலு நாள் அழுவான், அப்புறம் பழகிவிடும். சில்வர் கலந்த ஒரு மருந்து தடவினால் சொத்தை பெரும்பாலும் நிற்கும், ஆனால் அந்த இடம் கரேலென்று ஆகும். அதைச் சம்மதித்தபின்தான் தடவுவேன். விழுகிற பல்தானே என்று விட்டுவிடாதீர்கள், கடைவாய்ப் பால்பல் பத்து, பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியது.

11 வயது மகளுக்கு, சித்தி கல்யாணத்துக்குள் பிளீச்சிங் செய்யலாமா?

இன்னும் பற்கள் முளைத்து முடியவில்லை, வேண்டாம். வெள்ளைத் திட்டும் அதில் போகாது. கிளீனிங் மட்டும் செய்துகொள்ளுங்கள்.

முதல் கேள்வி கேட்ட அம்மாதான், டாக்டர். அப்படியானால் ஃப்ளோரைடு பேஸ்ட்டையும் விட்டுவிடட்டுமா?

தண்ணீரைச் சோதித்துவிட்டு முடிவெடுப்போம். பெரிய பையன் தேய்த்துத் துப்பத் தெரிந்தவன், அவனுக்குப் பேஸ்ட் இருக்கட்டும். அந்தத் திட்டு முழுங்குவதால் வருவது, மேலே படுவதால் அல்ல. மூன்று வயதுக்குக் கீழே என்றால் அரிசி அளவு, அப்புறம் ஆறு வயது வரை பட்டாணி அளவு. பிரஷ் நீளத்துக்குப் பிதுக்குவது விளம்பரத்தில்தான். பேஸ்ட்டை நீங்களே வைத்துக்கொடுங்கள், சின்னவன் கையில் டியூப்பைக் கொடுக்காதீர்கள்.