பழைய ஃபிளாட்: 65 லட்சத்தில் தேய்மானம் எங்கே?

கேள்வி: சென்னையில் கட்டி 20 வருடமான ஃபிளாட் ஒன்றை வாங்கி வாடகைக்கு விட நினைக்கிறேன். 1,000 சதுர அடி, யுடிஎஸ் (மனையில் ஃபிளாட்டுக்கு உரிய பிரிக்கப்படாத பங்கு) 500 சதுர அடி. 65 லட்சம் கேட்கிறார்கள். வாடகை மாதம் 20,000 வரும். தேய்மானம், கட்டடத்தின் ஆயுள் முடிந்த பின் நிற்கும் மிச்ச மதிப்பு இரண்டையும் எப்படிப் போடுவது? வருமான வரியில் கழிக்க முடியுமா?

பதில்: மனையையும் கட்டடத்தையும் முதலில் பிரித்துவிடுங்கள். தேய்வது கட்டடம்தான், மண் தேயாது. உங்கள் பகுதியில் மனை சதுர அடி 8,000 போகிறது என்று வைத்தால் யுடிஎஸ் மதிப்பு 40 லட்சம்.

கட்டடத்துக்கு, விற்பவர் அன்று கொடுத்த விலை வேண்டாம். அதே கட்டடத்தை இன்று கட்ட ஆகும் செலவைப் போடுங்கள். சதுர அடிக்கு 2,500 என்றால் 25 லட்சம். ஆர்சிசி (கம்பி வைத்த கான்கிரீட்) கட்டடத்துக்குப் பொதுவாக ஆயுள் 60 வருடம், மிச்ச மதிப்பு 10 சதவீதம் என்று வைப்பார்கள். 25 லட்சத்தில் இரண்டரை லட்சம் போக 22.5 லட்சத்தை 60-ஆல் வகுத்தால் வருடத் தேய்மானம் 37,500. இருபது வருடத்துக்கு 7.5 லட்சம். கட்டடத்தின் இன்றைய மதிப்பு 17.5 லட்சம், மனையோடு 57.5 லட்சம்.

40-ஐயும் 25-ஐயும் கூட்டிப் பாருங்கள், 65! இந்தக் கணக்குப்படி, பழைய கட்டடத்துக்குப் புதுக் கட்டட விலை கேட்கிறார்கள். பேரம் பேச வேண்டிய இடம் இதுதான்.

மிச்ச மதிப்பைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ஃபிளாட்டை இடிக்கும்போது கம்பி, கதவு, ஜன்னல் விற்ற காசில் இடிப்புக் கூலி போக மீதியை எல்லா உரிமையாளர்களும் பங்கு போட வேண்டும். அதைச் சுழியம் என்றே வைத்தாலும் தேய்மானம் 8.33 லட்சம்தான், வித்தியாசம் 83 ஆயிரம். யுடிஎஸ் 50 சதுர அடி குறைந்தாலோ 4 லட்சம் போய்விடும். அதனால் யுடிஎஸ்ஸை வாய்வார்த்தையில் நம்பாமல் பத்திரத்தில் பாருங்கள்.

வயதிலும் ஏமாறுவார்கள். மறுவிற்பனைப் பத்திரத்தின் தேதி கட்டடத்தின் வயது ஆகாது. நிறைவுச் சான்றிதழையோ முதல் சொத்துவரி ரசீதையோ கேளுங்கள். கடலோர உப்புக்காற்று, மொட்டைமாடி ஒழுகல், தூணில் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிவது, இவை இருந்தால் ஆயுளை 45-க்கு மேல் வைக்கக் கூடாது. அப்போது வருடத் தேய்மானம் 50,000. ஃபிளாட்டின் மதிப்பு 55 லட்சம்.

வரியில், வீட்டு வாடகை வருமானத்துக்குத் தேய்மானக் கழிவு கிடையாது. கட்டிய சொத்துவரி போக மீதியில் 30 சதவீதம் நிலையான கழிவு உண்டு, கடன் வட்டி தனி. சொத்துவரி 6,000 என்றால் 2,34,000-இல் 70,200 கழியும். உண்மையில் செலவே ஆகாவிட்டாலும் இந்தக் கழிவு கிடைக்கும்.

வரிக்கு முந்தைய உங்கள் சொந்தக் கணக்கில் மட்டும் தேய்மானத்தை விட்டுவிடாதீர்கள். வருட வாடகை 2,40,000-இல் சொத்துவரி, ஒரு மாதம் காலியாகக் கிடப்பது, தேய்மானம் 37,500 எல்லாம் போனால் 1,76,500 நிற்கும். 65 லட்சத்துக்கு இது 2.7 சதவீதம், பத்திரச் செலவைச் சேர்த்தால் இன்னும் குறையும். லிஃப்ட், மோட்டார், ஒயரிங், குழாய்கள் 60 வருடம் தாங்காது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் சங்கத்தின் கணக்கைக் கேட்டு, கார்பஸ் நிதி (பெரிய செலவுகளுக்குச் சேர்த்து வைத்த பொது நிதி) எவ்வளவு இருக்கிறது, பெரிய மராமத்து ஏதும் பாக்கி நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.