வயலினுக்குப் பிறகு வந்த முழக்கம்

அண்ணாச்சிக்கு வணக்கம்.

ஜெர்மனியில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு ஆர்க்கெஸ்ட்ரா கச்சேரிக்குக் கூட்டிப்போனான். முதலில் சிபேலியஸின் வயலின் கான்செர்டோ. கண் கலங்கிவிட்டது. இடைவேளைக்கு அப்புறம் ஷோஸ்டகோவிச்சின் ஐந்தாவது சிம்பொனி. முக்கால் மணி நேரமும் எதைப் பிடித்துக்கொள்வது என்றே தெரியவில்லை. கடைசியில் ஒரே முழக்கம். கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகிய காதுக்கு இது எட்டாதா?

ஓய்வுபெற்ற ஆசிரியை, பாளையங்கோட்டை

அன்புள்ள டீச்சர்,

எட்டும். வயலின் உடனே எட்டியதற்குக் காரணம் உண்டு. பாலுஸ்வாமி தீட்சிதர் அதைச் சென்னையில் ஒரு வெள்ளைக்காரரிடம் கற்றுக்கொண்டு நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார். பிறகு எட்டயபுரத்தில் ஆஸ்தான வித்வானாக இருந்தார். அண்ணன் முத்துஸ்வாமி தீட்சிதர் 1835இல் காலமானதும் அங்கேதான். ஏறக்குறைய இருநூறு வருஷமாக வயலின் நம் பக்கத்து வாத்தியம்.

பின்லாந்துக்காரரான சிபேலியஸ் வயலின் வித்வானாக ஆசைப்பட்டு, முடியாமல் போனவர். கான்செர்டோ என்றால் ஒற்றை வாத்தியம் முன்னால் நிற்க, ஆர்க்கெஸ்ட்ரா கூட வாசிப்பது. இது 1904இல் அரங்கேறியது. திருப்தியில்லாமல் அடுத்த வருஷம் திருத்தினார். தொடக்கத்தில் மற்ற வயலின்கள் அடங்கி முணுமுணுக்க, ஒற்றை வயலின் மேலே எழும். தம்புராவுக்கு மேல் ஆலாபனை எடுப்பது மாதிரி. நாமும் அதன் பின்னாலேயே போய்விடுவோம்.

சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா முழுக்கச் சேர்ந்து வாசிப்பது. அதில் அப்படிப் பின்னால் போக ஒருவர் கிடையாது. நீங்கள் தடுமாறியது அங்கேதான்.

1936 ஜனவரியில் சோவியத் கம்யூனிஸ்ட் கட்சியின் பிராவ்தா பத்திரிகை, ரஷ்யரான ஷோஸ்டகோவிச்சின் ஓபராவை, அதாவது இசை நாடகத்தை, ‘இசைக்குப் பதில் குழப்பம்’ என்று தலைப்புப் போட்டுத் தாக்கியது. ஸ்டாலின் காலம். அதற்கப்புறம் ஆளே காணாமல் போகலாம். அந்தப் பயத்துக்கு நடுவில் எழுதியதுதான் ஐந்தாவது. 1937 நவம்பர் 21 அன்று லெனின்கிராடில் அரங்கேறியபோது மூன்றாம் பகுதியில் பலர் அழுதார்கள். அந்தப் பகுதியில் டிரம்பெட், டிராம்போன், ஹார்ன் என்று ஊதுகிற பித்தளை வாத்தியம் எதுவும் வாய் திறக்காது. வயலின்கள் மூன்று கூட்டமாகப் பிரிந்து வாசிக்கும்.

அதை முதலில் கேட்டபோது சேரன்மகாதேவியில் என் பெரியம்மா இறந்த வீடுதான் நினைவுக்கு வந்தது. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தோளில் கைபோட்டு ஒப்பாரி வைத்தார்கள். ஒருத்தி இழுத்த இழுப்பை இன்னொருத்தி வாங்கினாள். அவள் மூச்சு முட்டி நிறுத்தினால் மூன்றாமவள் எடுத்தாள். எது யாருடைய அழுகை என்று பிரிக்கவே முடியவில்லை. நீங்களும் அப்படி எத்தனையோ வீடுகளில் உட்கார்ந்திருப்பீர்கள்.

கடைசி முழக்கத்தில் வயலின்கள் ஒரே ஸ்வரத்தை விடாமல் அடித்துக்கொண்டே இருக்கும். வெற்றியா, மிரட்டி வரவழைத்த சந்தோஷமா என்று இன்னும் சண்டை ஓயவில்லை. எனக்கு அது மிரட்டலாகத்தான் கேட்கிறது. அது உங்களைச் சங்கடப்படுத்தியிருந்தால் காதில் குறையில்லை, சரியாகவே கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்கு மூன்றாம் பகுதியை மட்டும் இரவில், வீடு அடங்கியபிறகு போட்டுக் கேளுங்கள். கால் மணி நேரம்தான். முடியும் இடத்தில் யாழ் மாதிரியான ஹார்ப்பும் மணி மாதிரி ஒலிக்கும் செலஸ்டாவும் சேர்ந்து மெல்ல வரும். அதுவரை காத்திருங்கள். கேட்டுவிட்டு எழுதுங்கள்.