யாருமில்லாத அறையில் பிஐஆர் சென்சார் ஏன் அடிக்கிறது?

கேள்வி: ஹெச்சி-எஸ்ஆர்501 என்ற பிஐஆர் (உடல் வெப்பக்கதிரை வைத்து நடமாட்டத்தை உணரும்) மோஷன் சென்சாரை, இஎஸ்பி8266 சிப் உள்ள நோட்எம்சியு வைஃபை போர்டில் இணைத்து, ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வழியாக விளக்கு எரிய வைத்திருக்கிறேன். ஆள் வந்தால் எரிகிறது. ஆனால் யாருமில்லாதபோதும் சில நொடிகளுக்கு ஒருமுறை தானாக எரிந்து அணைகிறது. நிரலில் டிபவுன்ஸ் (மிகக் குறுகிய துடிப்புகளைப் புறக்கணிக்கும் முறை) போட்டுப் பார்த்தும் மாற்றமில்லை. சென்சார் பழுதா, இணைப்பில் தவறா?

பதில்: சென்சார் நன்றாகத்தான் இருக்கும். வைஃபை உள்ள போர்டோடு இந்த மாட்யூலைச் சேர்க்கும்போது அடிக்கடி வருகிற தொல்லை இது. காரணம் பெரும்பாலும் பவர் சப்ளையிலோ, போர்டின் ஆன்டெனாவுக்கு மிக அருகில் மாட்யூலை வைத்ததிலோ இருக்கும். டிபவுன்ஸ் ஏன் உதவவில்லை என்பதைப் புரிந்துகொண்டால் பாதி வழி தெரிந்துவிடும்.

வெளியே பார்க்க இது ஒரு டிஜிட்டல் மாட்யூல். அவுட் பின்னில் 0 அல்லது 3.3 வோல்ட், அவ்வளவுதான். உள்ளே இருப்பதோ கூச்ச சுபாவமுள்ள ஓர் அனலாக் சர்க்யூட். வெள்ளைக் குமிழுக்குக் கீழே இருக்கும் பைரோ எலெக்ட்ரிக் சென்சாரில் இரண்டு உணர்பகுதிகள் எதிரெதிராக இணைக்கப்பட்டிருக்கின்றன. அறை முழுவதும் ஒரேபோல் சூடானால் இரண்டும் ஒன்றையொன்று ரத்து செய்துவிடும். வெப்பமான ஓர் உடல் குறுக்கே நகரும்போது மட்டும் முதலில் ஒன்றிலும் அடுத்து மற்றதிலும் மாற்றம் தெரியும். அந்த மாற்றம் மிகச் சிறியது. பிஐஎஸ்எஸ்0001 என்ற ஐசி அதை ஆயிரக்கணக்கான மடங்கு பெருக்கி, ஓர் எல்லையைத் தாண்டினால் அவுட்டை உயர்த்துகிறது. இவ்வளவு பெருக்கும் சர்க்யூட்டுக்கு ஆள் நடமாட்டமும் ஒன்றுதான், சப்ளையில் வரும் ஒரு சிறு குலுங்கலும் ஒன்றுதான். ஒருமுறை எல்லையைத் தாண்டிவிட்டால் மாட்யூலில் உள்ள டைமர் அவுட்டைச் சில நொடிகள் உயர்விலேயே பிடித்து வைத்திருக்கும். 50 மில்லிநொடி டிபவுன்ஸ் அதை எப்படித் தடுக்கும்?

ஆகவே முதல் வேலை, பல்ஸின் நீளத்தை அளப்பது. அவுட் எப்போது உயர்ந்தது, எப்போது இறங்கியது என்று மில்லிஸ் (போர்டு துவங்கியதிலிருந்து ஓடிய மில்லிநொடி) மதிப்பை, போர்டின் செய்திகளைக் கணினியில் காட்டும் சீரியல் மானிட்டரில் அச்சிடுங்கள். உயர்வு 2, 3 நொடி அல்லது அதற்கு மேல் நீடித்தால் மாட்யூலே அடித்திருக்கிறது. சில மில்லிநொடிதான் என்றால் மாட்யூலுக்குச் சம்பந்தமில்லை. வயரில் இரைச்சல் ஏறியிருக்கிறது, அல்லது பிரெட்போர்டில் (வயர்களைக் குத்தி இணைக்கும் பலகை) வயர் சரியாகப் பதியவில்லை. உங்கள் விஷயத்தில் சுமார் 3 நொடி உயர்வு, கிட்டத்தட்ட அதே அளவு தாழ்வு, மறுபடி உயர்வு என்று கடிகாரம்போல வந்தால் ஐயமே வேண்டாம். அவுட் இறங்கியபின் மாட்யூல் சுமார் இரண்டரை நொடி கண்ணை மூடிக்கொள்ளும், திறந்ததும் மீண்டும் அடிக்கும். சப்ளையில் தொடர்ந்து இரைச்சல் இருப்பதன் அடையாளம் இது.

அடுத்து, சென்சாரைத் தனியாகச் சோதியுங்கள். போர்டிலிருந்து கழற்றி, நான்கு ஏஏ பேட்டரிகள் போட்ட பெட்டியில், அதாவது 6 வோல்ட்டில் இணையுங்கள். மாட்யூல் 4.5 முதல் 20 வோல்ட் வரை ஏற்கும். அவுட்டில் மல்ட்டிமீட்டரை வைத்துவிட்டு, முதல் ஒரு நிமிடத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். பவர் வந்ததும் சென்சார் நிலைப்பட 30 முதல் 60 நொடி ஆகும், அதற்குள் ஓரிரு முறை அடிப்பது இயல்பு. பிறகு அறையை விட்டு வெளியேறி, அது உங்களைப் பார்க்க முடியாத இடத்திலிருந்து மீட்டரைக் கவனியுங்கள். பத்து நிமிடம் அமைதியாக இருந்தால் சென்சாரும் அறையும் சரி, குற்றவாளி போர்டு பக்கம். பேட்டரியிலும் அடித்தால் இடத்தை மாற்ற வேண்டும். ஹீட்டர், ஏசி காற்று வரும் திசை, வெயில் விழும் ஜன்னல், இவற்றை அது பார்க்கக் கூடாது.

இனி இணைப்பு. மூன்று பின்களில் நடுவில் இருப்பது அவுட். ஓரங்களில் விசிசியும் (பவர் ஏறும் பின்) கிரவுண்டும் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் இடம் மாறும். படங்களை நம்ப வேண்டாம். வெள்ளை லென்ஸை மெல்லக் கழற்றினால் அடியில் போர்டிலேயே பெயர் அச்சிட்டிருக்கும். திறந்திருக்கும்போது உள்ளே தெரியும் சென்சாரின் ஜன்னலை விரலால் தொடாதீர்கள். விரல் பிசுக்கு வெப்பக்கதிரை மறைக்கும்.

விசிசியை நோட்எம்சியுவின் 3.3 வோல்ட் பின்னில் கொடுப்பதுதான் பலர் செய்யும் தவறு. மாட்யூலின் உள்ளே விசிசியை அடுத்து ஒரு டையோடு, அதன்பின் 3.3 வோல்ட் ரெகுலேட்டர். டையோடில் சுமார் 0.7 வோல்ட் போய்விட்டால் ரெகுலேட்டருக்கு 2.6 வோல்ட்தான் கிடைக்கும், சர்க்யூட் தள்ளாடும். யூஎஸ்பியிலிருந்து வரும் 5 வோல்ட்டை எடுங்கள். போர்டைப் பொறுத்து அது வின் அல்லது வியூ என்ற பின்னில் இருக்கும். அவுட் 3.3 வோல்ட்டுக்கு மேல் போகாது என்பதால் இஎஸ்பி8266, இஎஸ்பி32 இரண்டிலும் நேரடியாக இணைக்கலாம்.

எந்தப் பின்னில் இணைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். டி3, டி4, டி8 மூன்றையும் தவிருங்கள். இவை போர்டு துவங்கும்போது எந்த நிலையில் இருக்கின்றன என்பதைப் பார்த்துத்தான் சிப் என்ன செய்வதென்று முடிவெடுக்கும். டி3-இல் சென்சார் இருந்து, அவுட் தாழ்வில் இருந்தால் போர்டு நிரலை ஓட்டாமல் புதிய நிரலை ஏற்றும் நிலைக்குப் போய்விடும். டி8-இல் இருந்து, அந்த நேரம் பார்த்து யாராவது நடந்தால் போர்டு எழும்பவே எழும்பாது. டி1, டி2, டி5, டி6, டி7 பாதுகாப்பானவை.

இன்னொன்று, அவுட் வயரிலேயே ஓர் எல்இடியையும் தொங்கவிடாதீர்கள். பெரும்பாலான மாட்யூல்களில் அவுட்டுக்கு முன்னால் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கும். சிவப்பு எல்இடி அந்த வயரை 2 வோல்ட் அளவில் பிடித்து நிறுத்திவிடும். இஎஸ்பி8266-க்கு உயர்வு என்று தெரிய ஏறக்குறைய 2.5 வோல்ட் வேண்டும். 5 வோல்ட்டில் ஓடும் ஆர்டுயினோ ஊனோவுக்கு 3 வோல்ட். எல்இடி எரியும், போர்டுக்கு ஒன்றும் தெரியாது. காட்டும் விளக்கு வேண்டுமென்றால் போர்டின் வேறொரு பின்னிலிருந்து எரியவையுங்கள்.

இப்போது உங்கள் கோளாறுக்கான மருந்து. வைஃபை அனுப்பும்போது இஎஸ்பி8266 நூற்றுக்கணக்கான மில்லிஆம்பியரைத் துண்டு துண்டாக உறிஞ்சும். ஒவ்வொரு உறிஞ்சலுக்கும் 5 வோல்ட் வயர் சற்றுக் குழியும். சென்சாருக்குத் தேவையானதோ 50 மைக்ரோ ஆம்பியர் அளவுதான். இந்த வித்தியாசத்தை நமக்குச் சாதகமாக்கலாம். 5 வோல்ட்டுக்கும் சென்சாரின் விசிசிக்கும் நடுவே 220 ஓம் ரெசிஸ்டர் ஒன்று. சென்சார் பக்கம் விசிசிக்கும் கிரவுண்டுக்கும் குறுக்கே 220 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர், அதன் பக்கத்திலேயே 100 நானோஃபாரட் செராமிக். ரெசிஸ்டரில் விழுவது ஒரு வோல்ட்டில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான், சென்சாருக்கு அது உறைக்காது. போர்டு பக்கம் ஏற்படும் குழிகளோ கெப்பாசிட்டரைத் தாண்டி உள்ளே வராது. எலெக்ட்ரோலிட்டிக்கில் கோடு போட்ட கால் கிரவுண்டுக்கு. கெப்பாசிட்டர்களை மாட்யூலின் பின்களை ஒட்டியே வையுங்கள். போர்டு பக்கத்தில் வைத்தால் பயன் குறையும்.

சப்ளையைச் சுத்தம் செய்தும் அடித்தால், ஆன்டெனாவிலிருந்து காற்று வழியே வரும் ரேடியோ அலையை மாட்யூலின் தடங்கள் வாங்குகின்றன என்று பொருள். உறுதிப்படுத்த எளிய வழி, நிரலில் வைஃபையை முழுவதுமாக அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் ஓட்டுவது. அமைதியானால் தூரம்தான் தீர்வு. சென்சாரை ஆன்டெனாவிலிருந்து 20, 30 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். அவுட் வயரையும் கிரவுண்ட் வயரையும் ஒன்றோடொன்று முறுக்கிக் கொண்டுவாருங்கள். சென்சாரை போர்டுக்கு மேலேயே அடுக்கி ஒரே சிறு பெட்டிக்குள் அடைத்தால் அழகாக இருக்கும், ஆனால் இந்த மாட்யூலுக்கு அது ஒத்துவராது.

ரிலேயை மறந்துவிடக் கூடாது. அதன் காயில் விடுபடும்போது சப்ளை உதறும், அந்த உதறலில் சென்சார் மறுபடி அடிக்கும், விளக்கு மறுபடி எரியும். இந்தச் சுழல் தானாக நிற்காது. ரிலேக்குத் தனி 5 வோல்ட் கொடுத்து கிரவுண்டை மட்டும் பொதுவாக்குங்கள். கூடவே நிரலில், விளக்கை அணைத்த பின் 5 நொடிக்கு சென்சாரைக் கண்டுகொள்ளாமல் விடுங்கள். ஏதேனும் வேலை செய்யும் முன் மெயின்ஸ் பிளக்கைக் கழற்றுங்கள், மெயின்ஸ் பக்க வயர்கள் மூடிய பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.

மாட்யூலில் உள்ள இரண்டு திருகிகளில் ஒன்று தூரம், சுமார் 3 முதல் 7 மீட்டர். அதை நடுவில் வையுங்கள். மற்றது நேரம், சுமார் 3 நொடி முதல் 5 நிமிடம். அதைக் குறைந்தபட்சத்துக்குத் திருப்பி, ஜம்பரை (இரண்டு பின்களை இணைக்கும் சிறு மூடி) ஹெச் நிலையில் வையுங்கள். ஹெச் நிலையில் ஆள் நடமாடும்வரை அவுட் இறங்காது. எல் நிலையில் நேரம் முடிந்ததும் இறங்கிவிடும். விளக்கு எத்தனை நிமிடம் எரிய வேண்டும் என்பதை நிரலே கணக்கிடட்டும்: அவுட் உயர்வாக இருக்கும் ஒவ்வொரு சுற்றிலும் மில்லிஸ் மதிப்பைக் குறித்துவையுங்கள், அதிலிருந்து 2 நிமிடம் கடந்தால் அணையுங்கள். டிலே கட்டளை வேண்டாம், அது முடியும்வரை லூப்பில் உள்ள மற்ற வேலைகள் காத்துக் கிடக்கும். இன்டரப்ட்டும் (பின் மாறியதும் நிரலை இடைமறிக்கும் வசதி) தேவையில்லை. நொடிக்கணக்கில் நிற்கும் பல்ஸை லூப்பில் படிப்பதே தாராளம். போர்டு துவங்கிய முதல் 60 நொடிக்கு வரும் எதையும் நிரல் புறக்கணிக்க வேண்டும்.

மாட்டும் இடத்தைப் பற்றி ஒரே ஒரு விஷயம். ஆள் சென்சாரை நோக்கி நேராக வந்தால் அது தாமதமாகத்தான் உணரும், குறுக்கே கடந்தால் உடனே பிடிக்கும். ஆகவே கதவுக்கு எதிர்ச் சுவரை விட பக்கச் சுவர் நல்லது. கண்ணாடியோ அக்ரிலிக்கோ முன்னால் வைத்து மூடாதீர்கள். கண்ணுக்குத் தெளிவாக இருந்தாலும் உடலின் வெப்பக்கதிருக்கு அது சுவர்.

எல்லாம் முடிந்ததும் ரிலேயை இணைக்காமல், வைஃபையோடு ஓர் இரவு ஓடவிட்டு, பூட்டிய அறையில் எத்தனை பல்ஸ் வந்தது என்று நிரலை எண்ணச் சொல்லுங்கள். காலையில் எண்ணிக்கை 0 என்றால் ரிலேயைச் சேர்த்து இன்னோர் இரவு பாருங்கள். ரிலே சேர்த்த பிறகுதான் எண்ணிக்கை ஏறுகிறது என்றால் சென்சாரை விட்டுவிட்டு ரிலேயின் சப்ளையைப் பாருங்கள்.