ராய் ஆர்பிசன் சிரித்தால்…

அன்புள்ள ஐயா,

நீங்கள் சொல்லித்தான் அமெரிக்கப் பாடகர் ராய் ஆர்பிசனின் 'மிஸ்டரி கேர்ள்' தொகுப்பைக் கேட்டேன். 'க்ரையிங்' பாடிய மனுஷனா இவர் என்று இருந்தது. 'யூ காட் இட்' காதுக்கு இனிமைதான், ஆனால் ரேடியோவுக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. வயதான சோகப் பாடகரை இளையவர்கள் சேர்ந்து சிரிக்க வைத்து விற்றுவிட்டார்களோ?
கே.

அன்புள்ள கே.,

ரேடியோ விஷயத்தில் உங்களோடு சண்டை இல்லை. இசைத் தயாரிப்பாளர் ஜெஃப் லின் கை வைத்த பாட்டு அப்படித்தான் இருக்கும். அடுக்கடுக்காக அக்கூஸ்டிக் கிடார், பின்னால் கும்பலாகக் கோரஸ், எல்லாம் பளபளவென்று. அவரும் ராக் பாடகர் டாம் பெட்டியும் ஆர்பிசனும் சேர்ந்து எழுதிய பாட்டுதான் 'யூ காட் இட்'.

சிரிக்க வைத்தார்கள் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. 1961இல் வந்த 'ரன்னிங் ஸ்கேர்ட்' கேளுங்கள். தன் காதலியின் பழைய காதலன் திரும்பி வந்துவிடுவானோ என்று ஒருவன் நடுங்குகிறான். பொலேரோ என்ற ஸ்பானிய நடனத் தாளத்தில், பல்லவி என்று ஒன்று இல்லாமல் பாட்டு ஏறிக்கொண்டே போகிறது. கடைசி வரியில் அவள் இவனோடு வந்துவிடுகிறாள். குரல் உச்சியில் நிற்கும்போதே பாட்டு முடிந்துவிடும். 1964இன் 'ஓ, பிரெட்டி வுமன்' பாட்டிலும் போய்விட்டாள் என்று நினைத்தவள் கடைசியில்தான் திரும்பி வருகிறாள். ஆக, சந்தோஷம் அவரிடம் எப்போதும் இருந்தது, வரத்தான் தாமதமாகும். 'யூ காட் இட்'டில் அந்தக் காத்திருப்பு கிடையாது. முதல் வரியிலேயே அவள் எதிரில் இருக்கிறாள். அதனால் பழைய பெரிய ஏற்றமும் அதற்குத் தேவைப்படவில்லை. 52 வயதில் குரல் போய்விட்டதோ என்று சந்தேகம் வந்தால் அதே தொகுப்பில் 'ஷீ இஸ் எ மிஸ்டரி டு மீ' இருக்கிறது. யூ2 இசைக்குழுவின் போனோவும் எட்ஜும் எழுதிய பாட்டு. அதில் ஏறிக் காட்டுகிறார்.

அப்புறம், அவருடைய சோகப் பாட்டுகளுக்கு அவர் வாழ்க்கையைக் காரணம் சொல்வார்கள். 1966இல் மனைவி க்ளாடெட் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தார். 1968இல் வீடு தீப்பிடித்து இரண்டு மகன்கள் போனார்கள். ஆனால் 'க்ரையிங்' வந்தது 1961இல், 'இன் ட்ரீம்ஸ்' 1963இல். அழுத பாட்டெல்லாம் முன்னால், இழப்பெல்லாம் பின்னால். இத்தனையும் பட்ட பிறகு பாடியதுதான் நீங்கள் விற்பனைச் சிரிப்பு என்று நினைக்கும் பாட்டு.

1988 நவம்பரில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில் அதை மேடையில் பாடிய வீடியோ கிடைக்கிறது. கறுப்புக் கண்ணாடி, கையில் கிடார், உடம்பில் அசைவே இல்லை. டிசம்பர் 6ஆம் தேதி மாரடைப்பில் இறந்துவிட்டார். தொகுப்பு அடுத்த ஆண்டுதான் வெளிவந்தது.

முழுக்கச் சந்தோஷத் தொகுப்பு என்றும் எண்ண வேண்டாம். 'இன் த ரியல் வேர்ல்ட்' பழைய ஆர்பிசனேதான். 'கலிஃபோர்னியா ப்ளூ' மெட்டில் துள்ளல், வார்த்தையில் ஊர் ஏக்கம். இவை இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். 'விண்ட்சர்ஃபர்' பாட்டைத் தாண்டிப் போனால் பெரிய நஷ்டமில்லை.