பி.காமை விட வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள்

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். போரில் சிதைந்த நாடுகளில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உதவும் வேலைக்குத்தான் போவேன் என்று மகள் ஒற்றைக் காலில் நிற்கிறாள். அதற்காக இறுதியாண்டு பி.காமைப் பாதியில் விட்டுவிட்டுச் சமூகப்பணி படிக்கப் போகிறேன் என்கிறாள். உங்களுக்கோ, பெண்பிள்ளையை ஆபத்தான இடத்துக்கு அனுப்புவதா என்ற பயம்.

அவள் ஆசையைத் தடுக்காதீர்கள். பி.காமை விடவும் சம்மதிக்காதீர்கள்.

அகதி முகாம் ஒன்றின் கழிப்பறையை எடுத்துக்கொள்ளுங்கள். கதவுக்கு உள்தாழ்ப்பாள் இல்லை, போகும் வழியில் விளக்கு இல்லை என்றால், இரவில் பெண்கள் அங்கே போகவே அஞ்சுவார்கள். சிலர் அதற்காகவே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். நிவாரணப் பணிகளுக்கான ஸ்ஃபியர் கையேடு 20 பேருக்கு ஒரு கழிப்பறையாவது வேண்டும், உள்ளிருந்து பூட்ட முடிய வேண்டும் என்கிறது. அந்தத் தாழ்ப்பாள் வந்து சேர, பெண்களிடம் உட்கார்ந்து பேசியவர் வேண்டும், பொறியாளர் வேண்டும், பொருளை வாங்கி அனுப்புபவர் வேண்டும், கணக்கு எழுதுபவரும் வேண்டும். நன்கொடையாளர் கேட்கும்போது கணக்குக் காட்ட முடியாவிட்டால் அடுத்த தவணை நின்றுபோகும். உங்கள் மகள் படிப்பது இந்த வேலைக்கு அந்நியமான படிப்பே இல்லை.

பிள்ளைகளோடு நேரடியாகத்தான் வேலை செய்ய வேண்டும் என்றால் பட்டம் முடித்த பிறகு சமூகப்பணியில் முதுகலை படிக்கட்டும். பெற்றோரைப் பிரிந்த நான்கு வயதுக் குழந்தையிடம் அம்மா பெயரைக் கேட்டால் "அம்மா" என்றுதான் சொல்லும். வீட்டுப் பக்கத்தில் என்ன இருந்தது, அண்ணனை எப்படிக் கூப்பிடுவாய் என்று மெல்ல மெல்லக் கேட்டு, குடும்பத்தைத் தேட வேண்டும். பட்ட துயரத்தைத் திரும்பத் திரும்பக் கிளறவும் கூடாது. பாசம் மட்டும் இருந்தால் இது வராது, பயிற்சி வேண்டும்.

அப்புறம் உங்கள் பயம். அனுபவம் இல்லாதவரை எடுத்த எடுப்பில் போர்முனைக்குப் பொறுப்புள்ள அமைப்பு எதுவும் அனுப்பாது. ஆனாலும் ஆபத்தே இல்லை என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். சண்டை ஓய்ந்த பிறகும் கண்ணிவெடிகள் மண்ணுக்குள் கிடக்கும். வேலை நிரந்தரமும் இல்லை. பெரும்பாலும் திட்டம் முடிந்தால் ஒப்பந்தமும் முடிந்துவிடும். 2025இல் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டை மூடியபோது, உலகம் முழுக்க இந்தத் துறையில் பலர் வேலை இழந்தார்கள். அப்படி ஒரு நாள் வந்தால் பி.காம் அவளுக்குச் சோறு போடும்.

1919இல் பிரிட்டனில் எக்லன்டைன் ஜெப் என்ற பெண்மணி, முதல் உலகப் போரில் எதிரியாக இருந்த நாட்டுக் குழந்தைகளின் பட்டினியைக் காட்டும் துண்டறிக்கைகளைக் கொடுத்ததற்காகக் கைதாகி, 5 பவுண்டு அபராதம் கட்டும்படி தண்டிக்கப்பட்டார். அதே ஆண்டு தங்கையோடு சேர்ந்து 'சேவ் த சில்ட்ரன்' அமைப்பைத் தொடங்கினார். மகளுக்கு அவர் கதையைச் சொல்லுங்கள், பிடிவாதத்தில் இருவருக்கும் பொருத்தம்தான்!

இரண்டு எச்சரிக்கை. வேலை வாங்கித் தருகிறோம் என்று பணம் கேட்பவர்களை நம்பாதீர்கள், ஐ.நா. அமைப்புகள் ஆள் எடுக்க எந்தக் கட்டணமும் வாங்குவதில்லை. கட்டணம் கட்டி இரண்டு வாரம் அநாதை இல்லத்தில் 'சேவை' செய்யும் பயணங்களும் வேண்டாம். பழகியவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போவது அந்தப் பிள்ளைகளுக்கு இன்னொரு பிரிவு.

இப்போதைக்குப் பரீட்சை முடியட்டும். பிறகு பிரெஞ்சோ அரபியோ தொடங்கட்டும். 18 வயது நிறைந்தவர்கள் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய ஐ.நா. இணையவழித் தன்னார்வப் பணிக்கும் விண்ணப்பிக்கலாம். படிவத்தை நிரப்பும்போது நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள்.