நினைவையும் கவனத்தையும் குழந்தைக்கு எப்படிச் சொல்வது?

அன்புள்ள ஐயா,

என் மகளுக்கு நான்கரை வயது. கவனம், நினைவாற்றல், சிந்தனைத் திறன் ஆகியவற்றைப் பற்றிக் குழந்தையிடம் பேசுமாறு அவளுடைய எல்கேஜி வகுப்பில் ஒரு தாள் கொடுத்தார்கள். மூளையின் படத்தைக் காட்டி விளக்கினேன். அவள் அதற்கு வண்ணம் தீட்டத் தொடங்கிவிட்டாள். இந்த வயதில் இவற்றை விளக்கத்தான் முடியுமா?

அன்புடன்,
க.

அன்புள்ள க. அவர்களுக்கு,

முடியும். ஆனால் படத்திலிருந்து தொடங்காமல், அவள் அப்போதுதான் செய்து முடித்த ஒரு காரியத்திலிருந்து தொடங்க வேண்டும். ஏனெனில் தன் மனம் வேலை செய்வதை இந்த வயதுக் குழந்தை தானாகக் கவனிப்பது அரிது. 1970இல் உளவியலாளர் ஜான் ஃபிளேவலும் அவருடைய சக ஆய்வாளர்களும் சிறு குழந்தைகளிடம் பத்துப் படங்கள் வரை காட்டி, எத்தனை நினைவில் நிற்கும் என்று கேட்டார்கள். மழலையர் வகுப்புப் பிள்ளைகளில் பலர் பத்தும் நிற்கும் என்றார்கள். நின்றவை அதைவிட மிகக் குறைவு.

இதையே நீங்கள் வீட்டில் செய்யலாம். சமையலறையிலிருந்து கரண்டி, புளி, பூண்டு என ஏழெட்டுப் பொருள்களைத் தட்டில் வைத்து, எத்தனை ஞாபகம் இருக்கும் என்று முதலில் அவளையே சொல்லச் சொல்லுங்கள். பிறகு துணியால் மூடிவிட்டு, நினைவில் இருப்பவற்றை அவள் சொல்லச் சொல்ல எண்ணுங்கள். “பூண்டு எப்படி மறந்துபோச்சு? அடுத்த தடவை மறக்காம இருக்க என்ன பண்ணலாம்?” என்று நீங்கள் கேட்பதும், பெயர்களை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம் என்று அவளோ நீங்களோ கண்டுபிடிப்பதும்தான் நினைவாற்றலைப் பற்றிய விளக்கம்.

கவனத்துக்கும் தன்னை அடக்கிக்கொள்ளும் திறனுக்கும் நம்மிடமே ‘காக்கா பற, குருவி பற, மாடு பற’ இருக்கிறது. மாடு என்றதும் எழப்போன கையை அவள் அடக்கிக்கொள்ளும் அந்த நொடியிலேயே, “கை தூக்கப் போச்சு, நீ யோசிச்சு நிறுத்திட்ட” என்று சொல்லுங்கள்; மாலையில் சொன்னால் அது வெறும் பாராட்டாகிவிடும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அட்டைகளை நிறப்படி பிரித்துக்கொண்டிருந்த மூன்று வயதுக் குழந்தைகளிடம் இனி வடிவப்படி பிரிக்கச் சொன்னால், புதிய விதியைக் கேட்டால் சரியாகச் சொல்லியும், பலர் நிறப்படியே பிரிப்பதை உளவியலாளர் பிலிப் செலாஸோவும் சக ஆய்வாளர்களும் 1996இல் காட்டினார்கள். ஐந்து வயதை எட்டும்போது பெரும்பாலோருக்கு இது கைகூடிவிடுகிறது. ஆகவே, சொன்ன பிறகும் பழையபடியே செய்யும் குழந்தையைப் பிடிவாதக்காரி என்று கடிந்துகொள்வது நியாயமே அல்ல.

அந்தத் தாளில் மதிப்பெண் கட்டம் இருந்தால், அதை நிரப்புவதற்காக இந்த விளையாட்டுகளை நடத்த வேண்டாம். சோதிக்கிறார்கள் என்று தெரிந்தால் மறந்ததைச் சொல்லக் குழந்தை தயங்கக்கூடும். நம் உரையாடலோ அவள் மறந்ததிலிருந்துதான் தொடங்குகிறது.